புரோகிராம் நின்றால் மோட்டார் நிற்குமா?

ஒரு மோட்டாரைக் கணினியிலிருந்து ஓடவிட ஒரே ஒரு வரி நிரல் போதும். அந்த நிரல் பாதியில் உறைந்துபோனால் மோட்டார் என்ன செய்யும் என்பதையும் யோசித்து எழுத நூறு வரி போதாது. வரிகளுக்கு வெளியே, கம்பியிலும் கண்டென்சரிலும் தகரத்திலும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கும். பில் போடும் மென்பொருள் நின்றுவிட்டால் கடைக்காரர் கணினியை அணைத்துத் திரும்பப் போடுவார். வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் காத்திருப்பார், அவ்வளவுதான். மோட்டாரையோ ஹீட்டரையோ பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள் நின்றால் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அறுந்துபோகும், ஹீட்டர் சிவந்துகொண்டே போகும், பக்கத்தில் கை வைத்திருந்தவருக்கு அடிபடும். இந்த வேறுபாட்டை ஒருவர் தொழிற்சாலைக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கணினிகளின் முதுகிலிருந்து மறைந்துவிட்ட பழைய பேரலல் போர்ட்டில் ஒரு சொந்தக் கருவியை இணைத்து, அதற்கு நிரல் எழுதிப் பார்ப்பதுதான் அதற்கு இன்றும் சிறந்த வழி என்பது என் வாதம்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தைச் சுற்றி இந்த வாதத்துக்குத் தனி அவசரம் உண்டு. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், இன்னொரு பக்கம் தேர்வாய் கண்டிகையின் டயர் தொழிற்சாலை, திருவள்ளூருக்கு அருகே காக்களூர் தொழிற்பேட்டை. ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் முடித்த பிள்ளைகள் போய் நிற்கும் இயந்திரங்களை இயக்குபவை பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். அவற்றின் மூடியில் பச்சையும் சிவப்புமாகச் சிறு விளக்குகள் எரிகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று கற்பவருக்குத் தெரிவதில்லை. பூட்டிய பெட்டியைப் பார்த்துக் கற்றவர் அதை இயக்கப் பழகுவார். அது தவறாக நடக்கும்போது ஏன் என்று கேட்கப் பழகமாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க, மூடி இல்லாத ஏதோ ஒன்றை ஒருமுறையாவது தன் கையால் கட்டியிருக்க வேண்டும். பேச வசதியாக ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதியின் ஊர்களில் பம்புசெட் மோட்டார் எரிந்தால் கொண்டுபோய்க் கொடுக்கும் வைண்டிங் கடைகள் உண்டு. அங்கே எனாமல் கம்பியை அச்சில் சுற்றிக் காயில் எடுப்பார்கள். சொன்ன எண்ணிக்கைக்குச் சுற்றியதும் தானாக நிற்கும் ஒரு சிறு சுற்றுக் கருவியை வீட்டிலேயே செய்து, கணினியால் கட்டுப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பேரலல் போர்ட் பிறந்தது அச்சுப்பொறிக்காக. 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறிகளுக்காக வகுத்த இணைப்பு முறையை, 1981-இல் வந்த ஐபிஎம் பிசி 25 பின் கொண்ட சாக்கெட்டாக எடுத்துக்கொண்டது. ஒரு எழுத்தின் எட்டு பிட்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பாமல் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் வைப்பதால் அந்தப் பெயர். கருவி செய்பவருக்கு இதில் கிடைக்கும் பெரிய வசதி அதன் எளிமை. பெரும்பாலான கணினிகளில் இந்த போர்ட் மூன்று முகவரிகளாகத் தெரியும்: 888, 889, 890. 888-இல் ஓர் எண்ணை எழுதினால் அந்த எண்ணின் எட்டு பிட்கள் 2 முதல் 9 வரையிலான பின்களில் மின்னழுத்தமாக நிற்கும். பிட் 1 என்றால் ஏறத்தாழ 5 வோல்ட். 0 என்றால் பூஜ்யத்தை ஒட்டிய அழுத்தம். 889-ஐப் படித்தால் அச்சுப்பொறி 'பேப்பர் தீர்ந்தது', 'வேலையாக இருக்கிறேன்' என்று சொல்லப் பயன்பட்ட ஐந்து உள்ளீட்டுக் கம்பிகளின் நிலை கிடைக்கும். 890-இல் இன்னும் நான்கு வெளியீடுகள். 18 முதல் 25 வரை கிரவுண்ட். டாஸ் காலத்துக் கியூபேசிக் மொழியில் 'அவுட் 888, 1' என்று எழுதினால் இரண்டாம் பின்னில் 5 வோல்ட் வந்துவிடும். நிரலில் இருக்கும் ஒரு பிட்டும் மேசைமேல் இருக்கும் ஒரு கம்பியும் ஒன்றே என்று வோல்ட்மீட்டர் வைத்துக் காட்டலாம். நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. நான் இந்தப் போர்ட்டை விடாமல் வாதாடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் 5 வோல்ட் வந்துவிட்டது என்பதால் மோட்டார் ஓடிவிடாது. ஐபிஎம்மின் முதல் அச்சுப்பொறி அட்டையில் இருந்த சில்லு, பின்னிலிருந்து வெளியே தள்ளக்கூடிய மின்னோட்டம் 2.6 மில்லி ஆம்பியர்தான். உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது 24 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் இயங்கும், 400 ஓம் மின்தடை உள்ள ஒரு சாதாரண ரிலேவுக்கே 30 மில்லி ஆம்பியர் தேவை. எனவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வரிசை வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் யூஎல்என் 2003 என்ற சில்லில் ஏழு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ரிலேவின் காயிலை அணைக்கும் கணத்தில் அதில் தேங்கிய காந்த ஆற்றல் எதிர்த்திசையில் பெரும் அழுத்தமாகக் கிளம்பும். அதை வாங்கிக்கொள்ளும் டயோடுகளும் அந்தச் சில்லுக்குள்ளேயே உள்ளன. ஆனால் அதன் ஒன்பதாம் காலை ரிலேவின் பிளஸ் சப்ளையோடு சேர்த்தால்தான் அவை வேலை செய்யும். இதைச் சேர்க்காமல் விட்டாலும் கருவி முதலில் நன்றாகவே ஓடும். பிறகொரு நாள் சில்லு செத்துப்போகும். போர்ட்டுக்கும் இந்தப் பகுதிக்கும் இடையே ஓர் ஆப்டோகப்ளர் வைத்தால் இரண்டு பக்கத்தையும் ஒளி மட்டுமே இணைக்கும், மின்சாரம் இணைக்காது. கணினியைக் காப்பாற்ற இதைவிட மலிவான காப்பீடு இல்லை.

இனி கருவிக்கு வருவோம். அச்சின் முனையில் ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பில் ஒரு சிறு நாக்கு. அது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஒளி சென்சாரை மறைக்கிறது. சென்சார் 889-இன் ஒரு பிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நிரல் அந்தப் பிட்டைப் பார்த்து எண்ண வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் மோட்டாரை அணைக்க வேண்டும். எழுதும்போது இது மிக எளிதாகத் தோன்றும்: பார், கொஞ்சம் தூங்கு, திரும்பப் பார். விண்டோஸில் 'கொஞ்சம் தூங்கு' என்பதன் வழக்கமான அளவு 15.6 மில்லி நொடி. தகட்டின் ஆரம் 5 சென்டிமீட்டர், நாக்கின் அகலம் 5 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 5 சுற்று என்றால், நாக்கு சென்சாரைக் கடக்க எடுக்கும் நேரம் வெறும் 3.2 மில்லி நொடி. அதாவது நிரல் தூங்கி விழிப்பதற்குள் நாக்கு வந்து போய்விடும். ஐந்து சுற்றில் ஏறத்தாழ ஒன்றைத்தான் நிரல் பார்க்கும். நூறு சுற்று கேட்டவருக்கு ஐந்நூறுக்கு அருகில் கிடைக்கும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் இது கூட ஆபத்தில்லாத பிழை. தூக்கத்தை எடுத்துவிட்டு இடைவிடாமல் பார்க்கும் நிரலை எழுதினால் நிலைமை இன்னும் சிக்கலானது. போர்ட்டை ஒருமுறை படிக்க ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி போதும்; 3.2 மில்லி நொடியில் மூவாயிரம் முறை பார்க்கலாம். எண்ணிக்கை நாள் முழுவதும் சரியாக வரும். ஆனால் பின்னணியில் வைரஸ் தேடல் ஓடும் ஒரு கணத்தில் இயங்குதளம் நம் நிரலை ஓரங்கட்டிவிட்டு வேறொன்றைக் கவனிக்கும். அப்போது ஒன்றிரண்டு சுற்றுகள் விடுபடும். காயிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸின் சுற்றுகள் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது, சூடு கூடும். தவறு நிரலில் நடந்தது; புகை வருவது வயல்காட்டில், பல வாரம் கழித்து.

இந்த இடத்தில்தான் கட்டுப்பாட்டு மென்பொருள் என்பது தனிக் கலையாகிறது. சரியான விடை என்பதோடு சரியான நேரமும் சேர வேண்டும். தாமதமாக வரும் சரியான விடை தவறான விடைதான். மாணவர் இதை எதிர்கொள்ளும் வழிகளும் அவருக்குப் பாடம். பத்தாம் பின்னில் வரும் மாற்றத்தை 'இன்டரப்ட்' ஆக வைத்து, எந்த வேலையில் இருந்தாலும் கணினி திரும்பிப் பார்க்கும்படி செய்யலாம். எண்ணும் வேலையை வெளியே ஒரு கவுண்ட்டர் சில்லுக்கு விட்டுவிடலாம். அல்லது நாக்கை எடுத்துவிட்டு அரை வட்டத் தகடு வைக்கலாம். அப்போது சென்சார் 100 மில்லி நொடி மறைந்தும் 100 மில்லி நொடி திறந்தும் இருக்கும், 15.6 மில்லி நொடிக்கு ஒருமுறை விழிக்கும் சோம்பேறி நிரல்கூட ஒரு சுற்றைத் தவறவிடாது. மென்பொருளின் பிழையைத் தகரக் கத்திரிக்கோலால் தீர்ப்பது இது. எனக்கு இந்தத் தீர்வின் மேல் தனி மதிப்பு உண்டு. கருவியின் உடலையும் நிரலையும் ஒரே மனம் யோசிக்கும்போது மட்டுமே இது தோன்றும். இரண்டையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்தால் தோன்றாது.

இந்தியாவில் இந்த வழியை முறையாகச் செய்துகாட்டிய ஒரு திட்டம் உண்டு. டெல்லியில், பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், அணு இயற்பியல் ஆய்வுக்கான துகள் முடுக்கி நிலையம். முடுக்கியைக் கணினியால் இயக்கியும் அளந்தும் பழகிய அந்த அனுபவத்தைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் நோக்கில் 2004-இல் அங்கே 'ஃபீனிக்ஸ்' தொடங்கியது. வீட்டிலேயே செய்த கருவிகளால் இயற்பியல் என்பது அதன் பெயரின் விரிவிலேயே இருக்கிறது. முன்னின்றவர் அந்த நிலையத்தின் விஞ்ஞானி பி.பி. அஜித் குமார். முதல் ஃபீனிக்ஸ் பெட்டி கணினியோடு பேசியது பேரலல் போர்ட் வழியாகத்தான். அதன் வரைபடங்களையும் நிரல்களையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே வைத்தார்கள். மாணவர் எழுதுவது பைத்தான் மொழியில், ஒரு வெளியீட்டை ஏற்று, ஓர் உள்ளீட்டைப் படி என்பதுபோன்ற சிறு வரிகள். ஆனால் நேரம் தவறக் கூடாத பகுதிகளைப் பைத்தானிடம் விடவில்லை. லினக்ஸின் கெர்னலுக்குள் இயங்கும் ஒரு டிரைவரிடம் கொடுத்தார்கள். இந்தப் பிரிவினை ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரே கணக்கில் பார்த்துவிடலாம். மின்காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புக் குண்டை விடுவித்து, 30 சென்டிமீட்டர் கீழே விழ எடுக்கும் நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். குண்டு விழ எடுப்பது 0.247 நொடி. நிரல் 1 மில்லி நொடி தாமதமாக நேரத்தைக் குறித்தால் விடை 9.8-க்குப் பதிலாக 9.72 என்று வரும். 10 மில்லி நொடி தாமதித்தால் 9.05. இயற்கையின் மாறிலியே மாறிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அது இயங்குதளம் வேறு வேலைக்குப் போய்விட்டு வந்த நேரம். பாடப்புத்தகத்தில் விடை அச்சாகியிருப்பதால் இந்தப் பிழை அகப்படுகிறது. காயிலுக்கு அப்படி அச்சிட்ட விடை கிடையாது.

இயங்குதளம் குறுக்கே நிற்பதைக் குறையாக மட்டும் பார்ப்பது சரியாகாது. விண்டோஸ் 95-லும் 98-லும் எந்த நிரலும் 888-ஐத் தொடலாம். என்டி, 2000, எக்ஸ்பி வந்தபோது சாதாரண நிரல் அந்த முகவரியைத் தொட்டால் இயங்குதளம் அதை அப்போதே நிறுத்தியது. பழைய கல்லூரிப் பயிற்சிகள் ஒரே இரவில் ஓடாமல் போனதாகப் பலர் வருந்தினார்கள். 'இன்பவுட்32' போன்ற துணை நிரல்களால் சுற்றுவழி கண்டார்கள். ஆனால் அந்தத் தடையில் நியாயம் இருந்தது: போர்ட் முகவரிகளின் வரிசையில் அச்சுப்பொறி மட்டுமே உட்கார்ந்திருக்கவில்லை, கணினியின் நினைவகத்தையும் தட்டையும் நடத்தும் சில்லுகளும் அங்கேதான் இருக்கின்றன. லினக்ஸ் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் செய்கிறது. நிர்வாகி உரிமையோடு தொடங்கும் நிரல், '888-இலிருந்து மூன்று முகவரிகள் மட்டும் எனக்கு வேண்டும்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இது எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: போர்ட்டில் எழுதும் கட்டளைக்கு டர்போ சி புத்தகத்தில் முதலில் முகவரி, பிறகு மதிப்பு. லினக்ஸில் முதலில் மதிப்பு, பிறகு முகவரி. பழைய நிரலை அப்படியே எழுதியவர் 1-ஆம் முகவரியில் எழுத முயன்றிருப்பார். அவர் கேட்டு வாங்கிய மூன்றுக்குள் அது இல்லாததால் நிரல் விழுந்துவிடும், கணினி பிழைக்கும். தேவையானதை மட்டும் கேட்டு வாங்குவது என்ற இந்தப் பழக்கம் பெரிய ஆலையின் கட்டுப்பாட்டு வலைக்கும் அப்படியே பொருந்தும்.

நேரத்துக்கு அடுத்தது, தொடக்கத்தில் கேட்ட கேள்வி. 888-இல் எழுதிய எண் அங்கேயே தங்கிவிடும். கையை எடுத்த பிறகும் சுவரில் உள்ள சுவிட்ச் போட்டபடியே இருப்பதுபோல, எழுதிய நிரல் செத்த பிறகும் பின் 5 வோல்ட்டிலேயே நிற்கும். யாராவது புதிய எண்ணை எழுதும்வரை மோட்டார் ஓடும். ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு, எதுவும் செய்யாமல் விட்டால், விடை: நிற்காது. இன்னும் இரண்டு பொறிகளும் உண்டு. கணினி ஏறும்போது பயாஸ் அச்சுப்பொறியைத் தேடுவதற்காகச் சில பின்களை அசைத்துப் பார்க்கும். நம் நிரல் பிறப்பதற்கு முன்பே ரிலே ஒருமுறை துடிக்கலாம். அடுத்து, 890-இன் நான்கு வெளியீடுகளில் மூன்று தலைகீழானவை. அங்கே பூஜ்யம் எழுதினால் 1, 14, 17-ஆம் பின்கள் 5 வோல்ட்டுக்கு ஏறும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்று நினைத்துப் பூஜ்யம் எழுதியவர் உண்மையில் மூன்று ரிலேக்களைப் போட்டிருப்பார்.

இதற்கான தீர்வும் பேரலல் போர்ட்டால் வளர்ந்த ஓர் உலகத்திலிருந்தே வந்தது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் 1990-களில் தொடங்கிய ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் இன்று லினக்ஸ் சிஎன்சி என்ற பெயரில் திறந்த மென்பொருளாக வாழ்கிறது. உலகெங்கும் சிறு பட்டறைகள் பழைய கணினியின் பேரலல் போர்ட்டிலிருந்தே ஸ்டெப்பர் மோட்டார்களை ஓட்டி, மரத்தையும் அலுமினியத்தையும் வெட்ட அது வழிசெய்தது. அங்கே 'சார்ஜ் பம்ப்' என்ற ஓர் ஏற்பாடு உண்டு. நிரல் உயிரோடு இருக்கும்வரை ஒரு பின்னை ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு ஒரு கண்டென்சரைத் தாண்டி, டயோடுகள் வழியே இன்னொரு கண்டென்சரை நிரப்பி வைக்கும். அந்தச் சேமிப்புதான் முதன்மை ரிலேவைப் பிடித்திருக்கும். பின் 5 வோல்ட்டில் உறைந்தாலும் பூஜ்யத்தில் உறைந்தாலும் முதல் கண்டென்சரைத் தாண்டி எதுவும் போகாது. இரண்டாவது வடியும், ரிலே விழும். 10 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் 10 கிலோ ஓம் மின்தடையும் வைத்தால் வடியும் காலம் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: துடிப்பை உண்டாக்கும் வரி, சென்சாரைப் படித்து எண்ணும் அதே சுழற்சிக்குள் இருக்க வேண்டும். துடிப்பைத் தனி இழையாக ஓடவிட்டால், எண்ணும் பகுதி உறைந்த பிறகும் துடிப்பு தொடரும். நான் நலம் என்று அது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் பம்புசெட் அறைகளில் இதே எண்ணம் வேறு உருவில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் கான்டாக்டரைப் பிடித்துக்கொள்வது நோ வோல்ட் காயில். மின்சாரம் போனால் அது விட்டுவிடும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக எழாது, ஒருவர் வந்து பச்சையை அழுத்த வேண்டும். நடுராத்திரியில் மின்சாரம் வரும்போது வயலுக்கு ஓட முடியாத விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிக்கொள்கிறார். அது அவர் தெரிந்தே எடுக்கும் முடிவு, பம்புக்கு அது பொருந்தவும் செய்யும். காயில் சுற்றும் கருவிக்குப் பொருந்தாது. மின்தடைக்குப் பிறகு கணினி தானாக ஏறி, நிரலும் தானாகத் தொடங்கி, அறுந்த கம்பியோடு அச்சு சுழல ஆரம்பித்தால் யாருடைய விரலாவது அங்கே இருக்கக்கூடும். சார்ஜ் பம்ப் ரிலேவின் தொடர்பை நோ வோல்ட் காயிலின் பிடிப்புச் சுற்றில் தொடராகச் சேர்த்துவிட்டால் இரண்டு பாதுகாப்பும் ஒன்றாகின்றன. சிவப்புப் பொத்தான் நேரடியாக அந்தக் கம்பியை வெட்ட வேண்டும். அதை ஓர் உள்ளீடாகக் கணினிக்குக் கொடுத்து, கணினி யோசித்து அணைக்கும் என்று விடுவது எந்தக் காரணம் சொன்னாலும் தவறு.

இனி மறுப்புகள். சில நூறு ரூபாய்க்கு ஆர்டுயினோ வகைப் பலகை கிடைக்கும்போது இந்தப் பழங்காலச் சாக்கெட் எதற்கு என்பது முதல் கேள்வி. கடையில் தினமும் ஓட வேண்டிய கருவிக்கு மைக்ரோகன்ட்ரோலர்தான் சரி, சந்தேகமே இல்லை. ஃபீனிக்ஸ் குழுவும் அதைத்தான் செய்தது: அடுத்த பதிப்பில் ஏடிமெகா 16 மைக்ரோகன்ட்ரோலரைப் பெட்டிக்குள் வைத்து, நேரம் அளக்கும் வேலையைக் கெர்னலிலிருந்து அதற்கு மாற்றினார்கள், கணினியோடு முதலில் சீரியல் போர்ட்டிலும், பின்னாளில் 'எக்ஸ்ப்ஐஸ்' என்ற வடிவத்தில் யூஎஸ்பியிலும் பேச வைத்தார்கள். ஆனால் புதிய பலகை பழைய கேள்விகளை ஒழித்துவிடவில்லை, மூடி போட்டு மறைத்திருக்கிறது. ஆர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா 328 சில்லிலும் எட்டு பிட் கொண்ட போர்ட் ரெஜிஸ்டர்கள்தான் உள்ளன. 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு பின்னை நேரடியாக ஏற்ற 125 நானோ நொடி போதும். ஆர்டுயினோ தரும் வசதியான கட்டளை அதே வேலைக்குச் சில மைக்ரோ நொடி எடுத்துக்கொள்கிறது. அதன் நிரல் முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டால் பின்கள் கடைசி நிலையிலேயே நிற்கும். வேகக் கட்டுப்பாட்டுக்காக டைமர் உண்டாக்கும் துடிப்போ நிரல் உறைந்த பிறகும் சற்றும் தடையில்லாமல் தொடரும். அதைச் சார்ஜ் பம்ப்புக்குக் கொடுத்தவருக்குப் பாதுகாப்பே இல்லை. உறைந்த நிரலை எழுப்பிவிடும் வாட்ச்டாக் டைமர் அந்தச் சில்லுக்குள் இருக்கிறது. ஆனால் நிரல் எழுதுபவர் அதை இயக்கிவிட வேண்டும். அதை இயக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வரும்? உறைந்த நிரலையும் ஓடும் மோட்டாரையும் ஒருமுறை பார்த்தவருக்கு.

இரண்டாவது மறுப்பு, போர்ட்டே இல்லை என்பது. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்டது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பிள்ளைகள் கைக்கு வந்த அந்தக் கணினிகளில் பேரலல் போர்ட் கிடையாது. யூஎஸ்பியை அச்சுப்பொறிச் சாக்கெட்டாக மாற்றும் கேபிள் உதவும் என்று சிலர் வாங்கி ஏமாறுகிறார்கள். அந்தக் கேபிளின் மறுமுனையில் 888 என்ற முகவரியே இல்லை. அது அச்சுப்பொறி வகையைச் சேர்ந்த யூஎஸ்பி கருவி. எழுத்துகளைக் கட்டாக வாங்கி, அச்சுப்பொறியின் சம்மதம் கேட்டு அனுப்பும். தனித்தனிப் பின்னை நினைத்த நொடியில் ஏற்றி இறக்க அது இடம் தராது. சாதாரண யூஎஸ்பி பேச்சு நகர்வதே 1 மில்லி நொடிச் சட்டங்களில். ஆகவே உண்மையான போர்ட் உள்ள பழைய மேசைக் கணினிதான் வேண்டும், அல்லது அதற்கான பிசிஐ அட்டை. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினி ஒன்று ஒரு வகுப்புக்குப் போதும். பிள்ளைக்கு ஒன்று தேவையில்லை. ஒரே கணினியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்ப்பது இந்தப் பாடத்துக்குக் குறைவல்ல, ஏனென்றால் பார்க்க வேண்டியது திரையில் இல்லை, மேசையில் இருக்கிறது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு, கும்மிடிப்பூண்டி ஆலையில் இருப்பது பிஎல்சி, அங்கே இது எதற்கு உதவும் என்று ஓர் அனுபவசாலி கேட்கக்கூடும். இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். 24 வோல்ட் உள்ளீடும், தூசும் சூடும் தாங்கும் உடலும் கொண்ட பிஎல்சியின் இடத்தில் மேசைக் கணினியை யாரும் வைக்கக் கூடாது. ஆனால் பிஎல்சி செய்வது என்ன? உள்ளீடுகளைப் படிக்கிறது, நிரலை ஒருமுறை ஓட்டுகிறது, வெளியீடுகளை எழுதுகிறது, மீண்டும் தொடக்கத்துக்குப் போகிறது. அந்தச் சுழற்சி நேரத்தைவிடக் குறுகிய துடிப்பு உள்ளீட்டில் வந்தால் தவறவிடும். வேகமான துடிப்புக்காகத் தனியே அதிவேகக் கவுண்ட்டர் உள்ளீடு வைத்திருப்பார்கள். 3.2 மில்லி நொடி நாக்கைத் தவறவிட்டுப் பார்த்தவருக்கு அந்த உள்ளீடு எதற்கு என்று விளக்கவே வேண்டாம். செயலி நின்றால் வெளியீடு கடைசி நிலையில் தொடர வேண்டுமா, அணைந்துவிட வேண்டுமா என்று பல பிஎல்சிகளில் ஓர் அமைப்பு உண்டு. 888-இல் தங்கிப்போன எண்ணைக் கண்டவர் அந்த அமைப்பைத் தாண்டிப் போகமாட்டார். குளிர்விக்கும் நீர்ப் பம்பு தொடர வேண்டும், வெட்டும் பிளேடு நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நின்று யோசிப்பார்.

ஆபத்தைப் பற்றிய அச்சத்துக்கு மட்டும் நான் முழு மதிப்புக் கொடுப்பேன். கற்கும் கருவியில் 230 வோல்ட் வேண்டியதில்லை. 12 வோல்ட் டிசி மோட்டாரும் மெல்லிய கம்பியும் எல்லாப் பாடத்தையும் நடத்திவிடும். முதலில் எட்டு எல்இடிகள், பிறகு ரிலேவும் சிறு பல்பும், அதன் பிறகே மோட்டார் என்று போவது நல்லது. கருவி சரியாக எண்ணுகிறதா என்பதோடு சோதனையை முடித்துவிடக் கூடாது. பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது நிரலை 'கில்' கட்டளையால் கொல்ல வேண்டும். அடுத்த முறை சென்சாரின் கம்பியைப் பிடுங்க வேண்டும்; சுற்றே வரவில்லை என்றால் எத்தனை நொடியில் நிரல் கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து 25 பின் கேபிளையே கழற்ற வேண்டும். பிறகு கணினியின் பிளக்கைப் பிடுங்கி, திரும்பப் போட்டு, அது முழுதாக ஏறும்வரை ரிலே ஒருமுறைகூடத் துடிக்கவில்லை என்று காது வைத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பழுதிலும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு அச்சு நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை அளந்து, கருவியின் பெட்டிமேல் ஒட்டிய தாளில் நிரலின் பதிப்பு எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். நிரலில் ஒரு வரி மாறினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நான்கு சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.